எல்லாருக்கும் பொருந்தும் பாட்டு

பாட்டுக் கட்ட ஆள் வேண்டும் என்று பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் கடைசியில் அறிவித்தபோது கோயிலில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கல்யாண வீட்டுக்குப் பந்தல் கட்ட ஆள் கேட்பதுபோல அல்லவா கேட்டார்! ஆனால் சாமியார் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேசத்துக்குச் சுதந்திரம் வந்து வருஷக்கணக்காகிறது, வெள்ளைக்காரச் சாமியார்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நாம் மட்டும் இன்னமும் கல்லறைத் திருநாளுக்கு எங்கிருந்தோ வந்த பழைய பாட்டையே இழுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வருஷம் மைசூர்த் தமிழர்கள் கட்டிய பாட்டு மைசூர்க் கல்லறைத் தோட்டத்தில் கேட்க வேண்டும் என்றார். சனிக்கிழமைதோறும் சாயங்காலம், கோயில் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பறையில் வகுப்பு. ஆண்களும் வரலாம், பெண்களும் வரலாம்.

மரியராஜ் சிரிக்கவில்லை. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் அவர் குமாஸ்தா. 'வாயில் என்ன கொழுக்கட்டையா?' என்று மேலதிகாரியே கடிந்துகொள்ளும் அளவுக்குப் பேச்சுக் குறைந்த மனுஷன். அவர் போய்ப் பாட்டுக் கட்டுவதாவது! ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. போன பங்குனியில் அவருடைய ஒரே பிள்ளை, நாலு வயது இன்னாசி, விஷக்காய்ச்சலில் போய்விட்டான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று ஊரே முடிவு கட்டிய பிறகு பிறந்த பிள்ளை.

அவன் போன நாளிலிருந்து அவர் மனைவி செலின் பாடவில்லை. கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையதுதான். நஞ்சன்கூட்டிலிருந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது, 'குமாஸ்தா மாப்பிள்ளைக்குக் குயிலைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்' என்று கேலி செய்யாத ஆள் இல்லை. அவள் இப்போது பூசைக்கு வருகிறாள், முழந்தாள் போடுகிறாள், எழுந்து போய்விடுகிறாள். உதடு அசைவதில்லை. அதைவிட மோசம், அவள் அழவும் இல்லை. பெட்டி தூக்கும்போது அழவில்லை, மண் போடும்போது அழவில்லை. 'கல்லாட்டம் நிக்கிறா பாரு' என்று பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளையின் துணிகளைத் துவைத்து மடித்து அநாதைப் பிள்ளைகள் மடத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இன்னாசியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவர் சொன்னால் அவள் உடைந்துவிடுவாளோ என்று இவர் சொல்லவில்லை. அவள் ஏன் சொல்லவில்லை என்பது இவருக்குத் தெரியாது. பிள்ளை பிறக்கவே இல்லை என்பதுபோல இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து களியும் சாறும் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள்.

மரியராஜ் ஒரு கணக்குப் போட்டார். வாயால் சொல்ல வராததைப் பாட்டாகக் கட்டிவிடுவது. கல்லறைத் திருநாள் அன்று, பிள்ளையின் கல்லறைக்கு முன்னால், அந்தப் பாட்டை ஊரே பாடும். கேட்டால் செலினின் வாய் திறக்காமல் போகுமா? திறக்கும். பாடுவாள், அழுவாள், இவரும் அழுவார். பிறகு வீட்டுக்கு வந்து அவனைப் பற்றிப் பேசலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். தன் வீட்டில் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச ஒரு வழி. இதை நேராகப் போய் அவளிடமே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றுகிறது. சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் அவர் ஏன் பாட்டு வகுப்புக்குப் போகிறார்?

முதல் சனிக்கிழமை போனார். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் பெரியவர்கள் எல்லாரும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள். பேண்டு வாத்தியத்தில் முரசு அடித்து ஓய்வு பெற்ற சூசைநாதன் உட்கார்ந்த பெஞ்சு அவர் மூச்சு விடும்போதெல்லாம் முனகியது. எதிரே விக்டோரியா டீச்சர், புருஷனை இழந்தவர், வெள்ளைப் புடவையும் தடித்த கண்ணாடியுமாக. ஒரு தையற்காரர், ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு மூன்று பேர், இன்னும் சிலர். கரும்பலகையில் பிள்ளைகள் எழுதிவிட்டுப் போன கன்னட அட்சரங்கள் மேல் வரிசையில் அழியாமல் இருந்தன.

வாத்தியார் அமலதாஸ் இவர்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவன். சென்னைக்குப் போய் ஒரு சினிமாக் கம்பெனியில் ஆர்மோனியப் பெட்டியோடு கொஞ்ச காலம் திரிந்துவிட்டு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவன். ஒத்துக்கொள்ளாதது உடம்புக்கா கம்பெனிக்கா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பாட்டுன்னா முதல்ல மெட்டு. வார்த்தை அப்புறம்," என்றான் அமலதாஸ். "மெட்டை நான் 'தன்னானா'ன்னு குடுப்பேன். அதுல நீங்க சொல்லைப் போட்டு நிரப்பணும். நிரப்பினது தனி ஆளோட பாட்டு. அதை வகுப்பு சேர்ந்து செதுக்கினா கோயில் பாட்டு. அங்க கம்பெனியில இப்படித்தான் செய்யுறது."

செதுக்குவதற்கு அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். பாட்டு யாருடையதோ அவர் கரும்பலகை அருகே சாக்குக்கட்டியோடு நிற்க வேண்டும். நின்றால் வாயைத் திறக்கக் கூடாது. தன் வரிக்காகத் தானே வாதாடக் கூடாது. மற்றவர்கள் குறை சொல்லலாம். ஆனால் குறை சொல்கிறவர் சும்மா சொல்லிவிட்டு உட்கார முடியாது, அந்த இடத்துக்கு மாற்றுச் சொல்லும் கொடுத்தாக வேண்டும். கொடுத்த சொல்லை வகுப்பு ஏற்றுக்கொண்டால், பாட்டுக்காரரே தன் கையால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும்.

"அடேங்கப்பா, நம்ம பிள்ளைக்கு நாமே மொட்டை அடிக்கிற கதை," என்றார் சூசைநாதன். எல்லாரும் சிரித்தார்கள். மரியராஜும் கொஞ்சம் சிரித்தார்.

முதலில் தையற்காரர் பாட்டு. செத்துப்போன அம்மாவைப் பற்றி. 'அம்மா செத்து ஆறு வருஷம், ஊசியில நூல் கோக்க ஆள் இல்லை' என்று ஆரம்பித்திருந்தார். வகுப்பு கையைப் பிசைந்தது. ஏதோ இடிக்கிறது, என்ன போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மரியராஜ் தன்னையும் அறியாமல் வாயைத் திறந்தார்.

"அன்னை மறைந்து ஆண்டு பல... அன்பின் விளக்கு அணைந்ததுவே..."

"சென்னாகிதே!" என்று பெஞ்சைத் தட்டினார் சூசைநாதன். வகுப்பில் எது நன்றாக இருந்தாலும் கன்னடத்தில் அப்படிச் சொல்வதுதான் வழக்கமாகிப்போயிற்று. தையற்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக் கூடாதே. ஊசியை அழித்தார், நூலை அழித்தார், விளக்கை எழுதினார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாடியபோது அழகாகத்தான் இருந்தது.

அன்று மரியராஜ் வீட்டுக்கு நடந்த நடையே வேறு. ஜட்காக்காரன் ஒருவன் வழி கேட்டுக் கத்தியதுகூட அவர் காதில் விழவில்லை. பிள்ளை போன பிறகு முதல் தடவையாக ஒரு விஷயம் தன் கைக்கு வருகிறது என்ற சந்தோஷம். பாவம், மனுஷனுக்கு அந்தச் சந்தோஷமும் வேண்டியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அடுத்தடுத்த வாரங்களில் அவர்தான் வகுப்பின் கத்தரிக்கோல். நர்சின் பாட்டிலிருந்து கஷாயத்தை எடுத்தார், இன்னொருவர் பாட்டிலிருந்து குடையை எடுத்தார். எடுத்த இடத்தில் வைக்க அவரிடம் சொல் இருந்தது. முத்து, மலர், ஒளி, நிழல், வானம். நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன. இத்தனை நாளும் இவை எங்கே இருந்தன என்று அவருக்கே ஆச்சரியம்.

தன் பாட்டு மட்டும் வரவில்லை. பிறகு ஒரு நாள் கூட்ஸ் ஷெட்டில், சாக்கு மூட்டைகள் ஏற்றிய வண்டி புறப்பட்டுப் போனதும், ஆள் இல்லாத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தானாக வந்தது. மெட்டோடு வந்தது. யாரும் பார்க்காத இடமாக ஒதுங்கிப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாடிப் பார்த்தார்.

*செருப்பை மாத்திப் போட்டவனே – என் இன்னாசி,*
*தெருவெல்லாம் ரயிலு விட்டவனே;*
*சட்டைப் பையில் பொரியிருக்கே – என் இன்னாசி,*
*சாப்பிடாம எங்கே போனே?*

அதில் கட்டுக்கதை ஒன்றும் இல்லை. பையன் எத்தனை சொன்னாலும் வலது கால் செருப்பை இடது காலில்தான் மாட்டுவான். அப்பா ரயில்வேயில் இருக்கிறார் என்ற மிதப்பில் வாயாலேயே ஊதிக்கொண்டு தெருக்கோடி வரை ரயில் விடுவான். காய்ச்சல் கண்ட அன்று சட்டைப் பையில் போட்டுவைத்த பொரியை, அவன் போன பிறகு துணி துவைக்கும்போதுதான் செலின் எடுத்து வெளியே கொட்டினாள். இவர் அதைக் கதவோரம் நின்று பார்த்தார். அதையும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் மரியராஜ் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் செலினிடம் பாடியிருந்தால்! போகவில்லை. செதுக்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று நினைத்தார். வகுப்புக்குத்தான் கொண்டுபோனார்.

அந்தச் சனிக்கிழமை அவர் நாலு வரியையும் பலகையில் எழுதிவிட்டு ஓரமாக நின்றபோது நர்சுகளில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நல்லது, அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வகுப்பு என்றால் குறை சொல்ல வேண்டுமே.

"மரியராஜ், தப்பா நெனைக்க வேண்டாம் தம்பி," என்று சூசைநாதன் செருமினார். "பாட்டு சென்னாகிதே. ஆனா சாமியார் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டு முன்னால போறார், பின்னால நாம 'செருப்பு, செருப்பு'ன்னு பாடிக்கிட்டுப் போறதா? கோயிலுக்குள்ள போறப்ப நாம கழட்டி வெளிய விடுற சாமான் அல்லவா அது?"

"ஹௌது, ஹௌது," என்று கன்னடத்திலேயே ஆமாம் போட்டார்கள் இரண்டு மூன்று பேர்.

"மாத்துச் சொல்லு குடுங்க சார்," என்றான் அமலதாஸ்.

சூசைநாதன் முழங்காலில் தாளம் தட்டி யோசித்தார். "மலர்ப்பாதம் நோகாமல்..."

நன்றாக இருந்தது. கெட்டதும் இல்லை, பொய்யும் இல்லை. பிள்ளையின் பாதம் மலர் போலத்தான் இருந்தது. மரியராஜ் செருப்பை அழித்தார்.

அதற்கடுத்த வாரம் ரயில். விக்டோரியா டீச்சர் மிகவும் தயங்கித்தான் எழுந்தார். "மலர்ப்பாதம்னு எடுத்துட்டு அடுத்த வரியில ரயிலுன்னா சேரலை சார். மோனையும் போயிடுது. 'மோட்ச வழி நடந்தாயே'ன்னு வச்சா மலருக்கு மோட்சம் பொருந்துமே." பொருந்தத்தான் செய்தது. ரயில் போயிற்று. அதற்கும் அடுத்த வாரம் பொரி. பொரி என்றால் பண்டிகைத் தின்பண்டம், சாவுப் பாட்டில் சிரிப்பு வரும் என்று அமலதாஸே சொல்லி, 'வானவரின் விருந்திருக்க' என்று கொடுத்தான். மரியராஜ் எழுதும்போதே தலையாட்டினார். மெட்டில் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறதே!

கடைசி வரிக்கு விக்டோரியா டீச்சர்தான் மறுபடி எழுந்தார். "எனக்குச் சொல்லவே மனசு இல்லை. ஆனா 'எங்கே போனே'ன்னு நாம கேட்கலாமா சார்? எங்கே போயிருக்கான்னு நமக்குத் தெரியும்தானே? மோட்சத்துலதான் இருக்கான், சம்மனசுங்களோட, தேவதூதருங்களோட. கல்லறையில நின்னுக்கிட்டு எங்கே போனேன்னு கேட்டா, விசுவாசம் இல்லாதவங்க பாட்டு ஆயிடுமே. சாமியாரு ஒத்துக்க மாட்டார்."

யாரும் மறுக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் கேட்கக் கூடாத கேள்விதான் அது. ஆனால் மரியராஜிடம் இருந்த கேள்வி அது ஒன்றுதான். பங்குனியிலிருந்து அவர் வேறு எதையும் கேட்டதில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போதும், கூட்ஸ் ஷெட்டில் ரசீது கிழிக்கும்போதும், எங்கேடா போனே, எங்கேடா போனே என்பதுதான். டீச்சர் மாற்றுச் சொல் தேடித் தடுமாறினார். வகுப்பே தடுமாறியது. பலகையருகே நின்ற மரியராஜ்தான் சாக்குக்கட்டியைத் தூக்கினார். வாயைத் திறக்கக் கூடாது, எழுதலாமே. 'வையகத்தை மறந்தாயே' என்று எழுதினார்.

"சபாஷ்! வானவருக்கு வையகம்! சார், இனிமே உங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்லை," என்று ஆர்மோனியத்தை ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தான் அமலதாஸ். எல்லாரும் கை தட்டினார்கள். மரியராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்த வாரம் வீட்டில் செலின் கேட்டாள். "சனிக்கிழமையானா எங்க போறீங்க?"

தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். எத்தனை நாளைக்குப் பிறகு அவளாக ஒரு கேள்வி கேட்கிறாள்! சொல்லிவிடலாமா என்று ஒரு துடிப்பு வந்தது. சொன்னால் திருநாள் அன்று ஆச்சரியம் போய்விடும்.

"கோயில் வேலை," என்றார்.

"நேரம் ஆகுது, அதான் கேட்டேன்."

"திருநாள் வரைக்கும்தான்."

"இருக்கட்டும். போய்ட்டு வாங்க," என்று அவள் சாறு ஊற்றினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததுபோல அவருக்குப் பட்டது. தான் வெளியே போவதில் இவளுக்கு நிம்மதியா என்று உறுத்தியது. கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவர் மரியராஜ் இல்லையே.

தசரா வந்தது, போனது. ஊர் முழுக்க விளக்கும் வேடிக்கையுமாக இருந்தபோதும் இரண்டாம் வகுப்பறையில் பாட்டு நடந்தது. வெளியே ஐப்பசி மழை. பாட்டில் இப்போது பழைய சொல் என்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெயர்தான். அதை யாரும் தொடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு பலரும் வகுப்பைத்தான் திட்டினார்கள். வகுப்பு தொடவில்லை.

"பேரு இருக்கட்டும் சார்," என்றான் அமலதாஸ், தன் சட்டத்தைத் தானே தளர்த்தி. "ஊரே பாடுற பாட்டுல தனி ஆளு பேரு வராதுன்னு வழக்கம். இருக்கட்டும். அது உங்க பையன் பேரு. அதுல யாரும் கை வைக்க மாட்டோம்."

"எங்க எல்லாருக்கும் பிள்ளைதான் அவன்," என்றார் விக்டோரியா டீச்சர். சூசைநாதன் தலையை ஆட்டினார்.

பாடினார்கள். 'மலர்ப்பாதம் நோகாமல்' என்று குரல் கூடி எழும்பியது. 'என் இன்னாசி' என்ற இடம் வந்ததும் குரல்கள் எல்லாம் தாழ்ந்தன. எல்லாரும் தலையைக் குனிந்து, குனிந்த கண்ணாலேயே மரியராஜைப் பார்த்தார்கள். அவருக்கு அதற்கு மேல் பாட வரவில்லை. ஆர்மோனியம் மரியாதையாக நின்றது. நர்சு ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி அதே இடத்தில் நின்றுபோனார், மறுபடி அதே பார்வை. ஐயோ பாவம் என்கிற அந்தப் பார்வை இருக்கிறதே, செத்த வீட்டுக்காரனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

மூன்றாம் தடவை ஆர்மோனியம் நின்றபோது மரியராஜ் எழுந்து பலகைக்குப் போனார்.

"நான் ஒரு குறை சொல்லலாமா மாஸ்டர்?"

"உங்க பாட்டுல நீங்களேவா?"

"எல்லாரும் பாடணும்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். தையற்காரர் அவங்க அம்மாவுக்குப் பாடுவார். டீச்சரம்மா அவங்க வீட்டுக்காரருக்குப் பாடுவாங்க. ஒரு பேரை வச்சா மத்தவங்க வாயில எப்படி வரும்?" அவர் அத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. குரலில் நடுக்கமும் இல்லை. தொழில் தெரிந்தவன் பேசுவதுபோல இருந்தது.

"வேணாம் சார்," என்றார் விக்டோரியா டீச்சர். "வேணாம், அது இருக்கட்டும்."

மரியராஜ் கேட்கவில்லை. துணியை எடுத்துப் பெயரைத் துடைத்தார். முதல் வரியில் ஒரு தடவை, மூன்றாம் வரியில் ஒரு தடவை. அந்த இடங்களில் 'ஆன்மாவே' என்று எழுதினார்.

*மலர்ப்பாதம் நோகாமல் – என் ஆன்மாவே,*
*மோட்ச வழி நடந்தாயே;*
*வானவரின் விருந்திருக்க – என் ஆன்மாவே,*
*வையகத்தை மறந்தாயே.*

பாடிப் பார்த்தார்கள். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. யாரும் தலை குனியவில்லை, யாரும் அவரைப் பார்க்கவில்லை. மரியராஜ் முதல் தடவையாகக் கடைசி வரை பாடினார், கணீரென்று பாடினார். பாடி முடித்தபோது உள்ளே ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. அதைத்தான் பாட்டின் வெற்றி என்று அவர் நினைத்துக்கொண்டார். பாட்டு தேறிவிட்டது என்று சாமியார் சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு கல்லறைக்கும் அதையே பாடுவது என்று முடிவாயிற்று.

கல்லறைத் திருநாள் அன்று மழை விட்டிருந்தது. சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூ தூவி, மெழுகுதிரிகள் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக அவரவர் கல்லறை அருகே நின்றார்கள். சாமியார் தீர்த்தத்தோடு ஒவ்வொரு கல்லறையாக வர, பின்னால் வகுப்புக்காரர்களும் சேர்ந்த பாடகர் குழு வந்தது. அமலதாஸ் ஆர்மோனியத்தைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

இன்னாசியின் கல்லறை சின்னது. செலின் அதன் தலைமாட்டில் மெழுகுதிரியைக் காற்றுப் படாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரியராஜ் எதிர்ப்பக்கம் நின்றார். சாமியார் வந்தார், தெளித்தார், ஜெபம் சொன்னார். பாட்டு ஆரம்பித்தது.

முதல் தடவை செலின் கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பாட்டை இரண்டாம் தடவை திருப்பி எடுத்தார்கள். அவள் எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது! பங்குனியிலிருந்து ஊர் கேட்காத குரல், துளியும் துருப்பிடிக்காமல், மற்ற குரல்களுக்கு மேலாக எழும்பியது. பாடகர் குழுவில் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சூசைநாதன் பாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நின்றார். மரியராஜுக்குக் கால் தரையில் இல்லை. நடந்துவிட்டது! அவர் போட்ட கணக்கு பலித்துவிட்டது! அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்.

பாட்டு முடிந்தது. செலின் குனிந்து, சாய்ந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தாள். கண் காய்ந்தே இருந்தது.

சாமியாரும் குழுவும் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார்கள். மரியராஜ் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. வாய்க்குச் சுலபமா வருது." அவள் பூவைச் சரி செய்துகொண்டே சொன்னாள். "கட்டினது யாரு?"

அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"யாரோ பிள்ளையைப் பறிகுடுக்காத மகராசன் கட்டினதுங்க. வலியே இல்லாம என்ன அழகா கட்டியிருக்கான் பாருங்க. குடுத்து வச்சவன்."

மரியராஜ் வாயை மூடிக்கொண்டார். அத்தோடு போயிருந்தாலும் போயிருக்கும். விதி யாரை விட்டது? குழுவில் பின்தங்கிய விக்டோரியா டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து செலினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் குரலைக் கேட்டதே போதும் செலின். எல்லாம் உங்க வீட்டுக்காரரு புண்ணியம். இது சாரோட பாட்டும்மா! உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நின்னு செதுக்கினாரு." சொல்லிவிட்டு அவர் குழுவைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

செலின் புருஷனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"இதுக்கா போனீங்க?"

"ம்."

"இதுல நம்ம பிள்ளை எங்க?"

"இருந்தான்," என்றார் மரியராஜ். "முதல்ல எல்லாம் இருந்துச்சு. கடைசி வரைக்கும் அவன் பேரு இருந்துச்சு."

"யாரு எடுத்தாங்க? சாமியாரா? மாஸ்டரா?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. ஆமாம், மாஸ்டர்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆயுசு முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து அமலதாஸைத் திட்டியாவது பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"நான்தான்," என்றார்.

செலின் தலையை ஆட்டினாள், ஏதோ விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி.

"நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் உங்க முன்னால நான் அவன் பேரை எடுக்கிறது இல்லை," என்றாள். "சனிக்கிழமை நீங்க கெளம்பிப் போனதும் கதவைச் சாத்திட்டு உட்காருவேன். இன்னாசி, இன்னாசின்னு தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிடுவேன். அழுவேன். நீங்க வர்றதுக்குள்ள மூஞ்சியைக் கழுவிக்குவேன்." கையில் ஒட்டிய மெழுகைச் சுரண்டினாள். "நான் அங்க கூப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்ப நீங்க இங்க அழிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

செலின், என்று கூப்பிட அவருக்கு வாய் வந்தது. அதற்கு மேல் என்ன சொல்வது? முத்து இருந்தது, மலர் இருந்தது, ஒளியும் நிழலும் வானமும் நாக்கு நுனியில் தயாராக நின்றன. இவளிடம் சொல்ல அதில் ஒன்றும் உதவாது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த திரியை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அவர் கூடப் போகவில்லை. போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. இனிமேல் அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு எழாது என்பது மட்டும் தெரிந்தது.

பக்கத்துக் கல்லறையில் யாருடைய மாமியாரோ அடக்கமாகியிருந்தாள். மருமகள்கள் கடமைக்குப் பூவோடு நின்றார்கள். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்ததும் குழு அதே பாட்டைப் பாட ஆரம்பித்தது. மரியராஜ் நின்று கேட்டார். அங்கேயும் அது நன்றாகத்தான் பொருந்தியது.